ஆசிரியர் இல்லாமல் வடமொழி: வெள்ளவத்தையிலிருந்து கேட்டவருக்கு

நீங்கள் கேட்டதைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வெள்ளவத்தையில் வீடு, கோட்டையில் வங்கி வேலை. வகுப்புக்குப் போக நேரம் ஒத்துவராது, ஆனால் தினமும் முக்கால் மணித்தியாலம் ஒதுக்க முடியும். தமிழும் ஆங்கிலமும் நன்றாக வரும், சிங்களம் எழுத வாசிக்கத் தெரியும், ஹிந்தி ஒரு சொல்லும் தெரியாது. தேவநாகரி கட்டாயமா, தமிழ் எழுத்திலேயே படித்தால் என்ன, எந்தப் புத்தகம் வாங்குவது, இரண்டு வருடத்தில் கீதையை உரையின் உதவியில்லாமல் வாசிக்க வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாலாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஆசிரியர் இல்லாமல் சமஸ்கிருதம் படிக்க முடியுமா, முடியுமென்றால் எதற்குப் பின் எது?

வாசித்து விளங்கிக்கொள்வது தனியாக முடியும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. உச்சரிப்பு பாதிதான் தனியாக வரும். மற்றப் பாதிக்கு இன்னொருவரின் காது வேண்டும். வேத மந்திரங்களைச் சுரத்தோடு ஓதுவது புத்தகத்தாலும் யூடியூபாலும் வராது. ஏற்றமும் இறக்கமும் குருவின் வாயைப் பார்த்து, கேட்டு, திருத்தப்பட்டு வருபவை. அதை இந்தத் திட்டத்துக்கு வெளியே வைத்துவிடுங்கள். இதற்கு மேல் நான் எழுதுவதில் காலக்கணக்கு எல்லாம் மதிப்பீடு; எழுத்து, ஒலி, இலக்கணம் பற்றியவை உறுதி. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட வேண்டாம்.

முதலில் எழுத்து. சமஸ்கிருதத்துக்கு இதுதான் உரியது என்று ஒரு எழுத்தே கிடையாது. நம்மூர்களில் கிரந்தத்தில் எழுதினார்கள், பிரிவெனாக்களில் (பௌத்த பிக்குகளின் கல்விக்கூடங்களில்) சிங்கள எழுத்தில் அச்சிட்டார்கள், ஆந்திராவில் தெலுங்கில். ஆகவே தேவநாகரி கட்டாயம் என்று கொள்கையளவில் சொல்ல முடியாது. ஆனால் வெறும் தமிழ் எழுத்து போதாது என்று திட்டமாகச் சொல்லலாம். 'பலம்' என்று எழுதிப் பாருங்கள். பழைய நிறுத்தல் அளவான பலம் ஒன்று, கனி அல்லது பயன் என்ற பொருளில் ஒன்று, வலிமை என்ற பொருளில் ஒன்று. வடமொழியில் இவை பல, ப²ல, ப³ல என மூன்று வேறு சொற்கள், மூன்று வேறு ஒலிகள். அதேபோல கர என்றால் கை, க²ர என்றால் கழுதை, க³ர என்றால் நஞ்சு. சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று இலக்கம் போடுவது இதற்காகத்தான்: 2 மூச்சு சேர்ந்த வல்லோசை, 3 அதிர்வுள்ள மெல்லிய ஓசை, 4 அதிர்வும் மூச்சும் சேர்ந்தது. கோயிலில் வாங்கும் மலிவுப் பதிப்புகளில் இலக்கமும் இருக்காது. அதை வைத்துப் படித்தால் கழுதையும் நஞ்சும் கையும் ஒன்றாகிவிடும். இலக்கம் போட்ட பதிப்பு முதல் இரண்டு வாரத்துக்கு ஊன்றுகோல். அதற்கு மேல் தேவநாகரிக்கு மாறாவிட்டால் அகராதி, இலக்கண நூல், இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் எல்லாம் உங்களுக்குப் பூட்டிய கதவு.

சிங்களம் வாசிக்கத் தெரியும் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியிலேயே பெறுமதியான வரி அது. சிங்கள அரிச்சுவடியில் க, க², க³, க⁴ நாலுக்கும் நாலு எழுத்து உண்டு. வரிசையும் நாகரி வரிசைதான். பள்ளிக்கூடத்தில் அல்பப்ராண (மூச்சு சேராதது), மஹாப்ராண (மூச்சு சேர்ந்தது) என்று படித்த பெயர்களே வடமொழி இலக்கணப் பெயர்கள். காலி வீதிப் பெயர்ப்பலகையில் 'வித்யாலய' என்ற சொல்லில் யங்ஷயவை (யகரம் பின்னால் சேரும் குறி) பார்த்திருப்பீர்கள், 'ஸ்ரீ'யில் ரகாராங்ஷயவை (ரகரம் பின்னால் சேரும் குறி), பழைய அச்சில் 'தர்ம' என்ற சொல்லின் தலையில் ரேபயவை (ரகரம் முன்னால் வரும் குறி). நாகரியிலும் இதே மூன்று வித்தை உண்டு: ரகரம் முன்னால் வந்தால் அடுத்த எழுத்தின் தலைமேல் கொக்கியாக ஏறும், பின்னால் வந்தால் காலடியில் சாய்கோடாகும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இதை விளக்க ஒரு வாரம் போகும். உங்களுக்குப் பத்து நிமிடம். சிங்களத்தின் குறில் எ, ஒ, அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்ட அந்த உயிர், அரை மூக்கொலி எழுத்துகள் ஆகியவை வடமொழியில் இல்லை. அவற்றை மட்டும் கழித்துவிடுங்கள்.

ஆனால் சிங்களம் கண்ணுக்குத்தான் உதவும், நாக்குக்கு உதவாது. மஹாப்ராண எழுத்தைச் சிங்களவர் எழுதுவார்கள், மூச்சு விட்டுச் சொல்லமாட்டார்கள். 'பாஷாவ' என்பதன் முதலெழுத்து ப⁴, வாயில் வருவதோ ப³. ண–ன, ள–ல வேறுபாடும் அங்கே எழுத்தோடு நின்றுவிட்டது. அந்த இடத்தில் தமிழ் நாக்கு கைகொடுக்கும். மஹாப்ராணத்துக்கு இரண்டு மொழியுமே உதவாது, புதிதாகப் பழகவேண்டும்.

நாகரி எழுதப் பழகும் முறை: உயிர் 13, மெய் 33. நாளுக்கு மூன்று எழுத்து என்றால் பதினாறு நாள். கோடு போட்ட பிள்ளைகள் கொப்பி ஒன்று எடுங்கள். தமிழ் எழுத்து கோட்டின்மேல் உட்காரும். நாகரி எழுத்து கொடியில் காயப்போட்ட துணிமாதிரி கோட்டிலிருந்து தொங்கும். முதலில் எழுத்தை எழுதி, மேற்கோட்டைக் கடைசியில் இழுங்கள். இகரக் குறி எழுத்துக்கு முன்னால் வரும். கொம்பை முன்னால் போட்டு 'கெ' எழுதிய கைக்கு இது புதிதில்லை. கண் ஏமாறும் சோடிகள் ஐந்து: க⁴வும் த⁴வும், ப⁴வும் மவும், ப³வும் வவும், பவும் ஷவும், த²வும் யவும். இவற்றைத் தனித்தனியாகப் பழகாமல் சோடியாகவே ஒரு பக்கம் எழுதுங்கள், அப்போதுதான் வித்தியாசம் கையில் நிற்கும். அடுத்த இரண்டு வாரம் கூட்டெழுத்து. வலப்பக்கம் நெடுங்கோடு உள்ள எழுத்து (த, ந, ம, ஸ போன்றவை) இன்னொன்றோடு சேரும்போது அந்தக் கோட்டை இழக்கும்; இந்த ஒரு விதியே பெரும்பாலான கூட்டெழுத்துகளை அவிழ்க்கும். க்ஷ, ஜ்ஞ, த்ர, ஶ்ர, த்³ய, ஹ்ம போன்ற சில மட்டும் முகம் மாறிப்போனவை. அவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும். வாசிக்க மட்டும் பழகினால் போதும் என்று எழுதுவதை விட்டவர்கள் மூன்றாம் மாதத்திலும் கூட்டெழுத்தில் தடுக்கி நிற்பார்கள்.

ஒலியில் தமிழருக்கு வரும் பிழை எல்லாவற்றையும் ஒரே சொல்லில் காட்டலாம்: நாடகம். இதை நாம் சொல்லும்போது நடுவில் உள்ள ட அதிர்கிறது, க இன்னும் குழைந்துபோகிறது. தமிழில் வல்லினம் இரண்டு உயிருக்கு நடுவே வந்தால் மெலியும். அது நம் நாக்கின் சட்டம். வடமொழியில் அந்தச் சட்டம் இல்லை. அங்கே அது 'நாட்டக்க' என்பதற்குக் கிட்டப் போகும், ஆனால் இரட்டிக்காமல். இதே காரணத்தால் பதி, பிதா, ஆகாஶ என்ற சொற்களில் தகரத்தையும் ககரத்தையும் மெலித்துவிடுவோம். ஆகவே முதல் மாதம் நடுவில் வல்லினம் உள்ள சொற்களாகத் தேர்ந்து மெதுவாகச் சொல்லிப் பழகுங்கள். இரண்டாவது, ஏயும் ஓவும் வடமொழியில் எப்போதும் நெடில். அங்கே குறில் எகரம் ஒகரம் கிடையாது. 'தெவ' என்றோ 'யொக' என்றோ விரைந்து சொன்னால் செய்யுளில் மாத்திரை உடையும். மூன்றாவது, ஶ, ஷ, ஸ மூன்று. ஷவுக்கு நாக்கு நுனி டகரத்துக்குப் போகும் இடத்துக்கு மடியும், ஶவுக்கு இகரம் சொல்லும் நிலையில் நடுநாக்கு எழும். மூச்சொலிகளுக்கு உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்து க – க², ப – ப² என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள்; இரண்டாவதில் காற்று கையில் படவேண்டும். க⁴, த⁴, ப⁴ இன்னும் கஷ்டம். நம்மவர்கள் இடையில் ஒரு உயிரைச் செருகி 'பஹா' என்று இரண்டு அசையாக்குவார்கள். செருகல் இல்லாமல் வர ஒரு மாதம் பிடிக்கும். ஹிந்திக்காரர்களின் காணொளியைப் பின்பற்றினால் மஹாப்ராணம் நன்றாக வரும், ஆனால் அவர்கள் சொல்லின் கடைசி அகரத்தை விழுங்கி 'ராம்', 'யோக்' என்பார்கள். வடமொழியில் அந்த அகரம் ஒரு மாத்திரை, விழுங்கக்கூடாது.

இரண்டு இடத்தில் மட்டும் இதுதான் சரி என்று அடித்துச் சொல்லமாட்டேன். விசர்க்கத்தை (சொல்லின் கடைசியில் ':' என்று எழுதும் மூச்சொலி) 'ராமஹ', 'ஹரிஹி', 'குருஹு' என்று முன்னுள்ள உயிரை எதிரொலித்துச் சொல்வது நம் பக்க வழக்கம். வெறும் மூச்சாக விடுவதும் உண்டு. ஜ்ஞ என்ற கூட்டை மராட்டியர் ஒருவிதம், வடக்கே 'க்³ய' என்று ஒருவிதம், தெற்கே ஒருவிதம் சொல்வார்கள். ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள்.

இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கிலவழிப் புத்தகம் படிப்பவர்கள் வேற்றுமை என்ற கருத்தை விளங்கிக்கொள்ளவே ஒரு மாதம் செலவழிப்பார்கள். உங்களுக்கு அது பத்தாம் வகுப்போடு முடிந்த சங்கதி. எழுவாய், ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி என்று படித்தோமே, அதே வரிசை, அதே எண்: ப்ரதமா முதல் ஸப்தமீ வரை ஏழு, மேலே விளி. தமிழில் ஆலும் ஒடுவும் மூன்றாம் வேற்றுமைக்குள் சேர்ந்திருப்பதுபோல அங்கேயும் கருவிக்கும் உடனிகழ்ச்சிக்கும் மூன்றாவதுதான். செய்து, வந்து என்ற வினையெச்சத்துக்கு 'க்ருத்வா', 'ஆகத்ய' உண்டு. 'என்று' என நாம் முடிப்பதை அவர்கள் 'இதி' என்று முடிப்பார்கள், நம்மைப்போலவே சொன்ன பேச்சுக்குப் பின்னால். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் பெயர்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் பெயர்த்தால் சொல்லொழுங்கைத் தலைகீழாக்க வேண்டிவரும், தமிழில் அனேகமாக அப்படியே விழும்.

நாலாம் வேற்றுமையை நீங்கள் ஏற்கனவே காதால் படித்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை நடக்கும்போது நின்று கேளுங்கள். விநாயகாய நம:, துர்காயை நம:, ஸரஸ்வத்யை நம:, ஹரயே நம:, குரவே நம:, ஹநுமதே நம:. 'நம:' என்ற சொல் நாலாம் வேற்றுமையைக் கேட்கும். ஆகவே நூற்றெட்டுப் பெயரும் 'க்கு' உருபு ஏற்று நிற்கின்றன. நமஶ்ஶிவாய என்பதே 'சிவனுக்கு வணக்கம்'. இப்போது பின்னோக்கிப் போங்கள். '-ஆய' என்று முடிந்தால் அகரத்தில் முடியும் ஆண்பாற் பெயர், விநாயக:. '-ஆயை' என்றால் ஆகாரப் பெண்பால், துர்கா. '-யை' மட்டும் என்றால் ஈகாரப் பெண்பால், ஸரஸ்வதீ. '-அயே' இகரம், ஹரி:. '-அவே' உகரம், குரு:. '-தே' என்று வருபவை பெரும்பாலும் தகர மெய்யில் முடிபவை, எழுவாயில் ஹநுமான். ஒரு அர்ச்சனைப் புத்தகத்தை எடுத்து நாளுக்குப் பத்துப் பெயரை இப்படி எழுவாய்க்குத் திருப்பி எழுதினால், பதினோராம் நாள் முடிவில் பெயர்ச்சொல்லின் முக்கியமான வகைகள் அத்தனையும் உங்களுக்குப் பழக்கமான முகங்களாகிவிடும். அதேபோல சங்கல்பத்தில் வரும் 'கலியுகே ப்ரதமே பாதே ஜம்பூத்வீபே' முழுக்க ஏழாம் வேற்றுமை. 'ப்ரதமே பாதே' என்பதைக் கவனியுங்கள்: 'முதல்' என்ற அடைமொழியும் பெயரோடு சேர்ந்து உருபு ஏற்கிறது. தமிழில் 'முதல் பாதத்தில்' என்று ஒரு இடத்தில் உருபு போட்டால் போதும். அங்கே இரண்டிலும் வேண்டும். இது நாம் அடிக்கடி மறக்கும் இடம்.

சந்திக்கும் இதே வழி. 'கண + ஈசன் = கணேசன்', 'பர + உபகாரம் = பரோபகாரம்' என்று குணசந்தியும் 'வேத + ஆகமம் = வேதாகமம்' என்று தீர்க்கசந்தியும் தமிழ்ப் பாடத்திலேயே வந்தவை. உயிர்ச்சந்தி உங்களைப் பயமுறுத்தாது; பயமுறுத்துவது விசர்க்கசந்தி. அதற்குப் பிள்ளைகள் பாடும் குரு வணக்கச் சுலோகத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்: 'குருர்ப்ரஹ்மா குருர்விஷ்ணுர்குருர்தேவோ மஹேஶ்வர:'. மூலச்சொல் 'குரு:'தான். முன்னே உகரம், பின்னே அதிர்வொலி என்பதால் விசர்க்கம் 'ர்' ஆகிறது. 'தேவ:' என்பதில் முன்னே அகரம், பின்னே மகரம். அங்கே 'அ:' முழுவதும் 'ஓ' ஆகித் 'தேவோ'. அடுத்த அடி 'குரு: ஸாக்ஷாத்' என்று தொடங்குகிறது. ஸகரத்தில் அதிர்வு இல்லை, விசர்க்கம் அப்படியே நின்றுவிட்டது. கடைசிச் சொல் 'நம:' நிறுத்தத்தில் வருவதால் அதுவும் மாறவில்லை. நாலு விதி, ஒரு சுலோகம். போதாததற்கு முதலடியில் 'ப்ரஹ்மா', இரண்டாமடியில் 'பரம் ப்ரஹ்ம'. நெடிலில் முடிந்தது படைக்கும் கடவுள், ஆண்பால். குறிலில் முடிந்தது பரம்பொருள், நபும்சகம் (ஆணுமல்லாத பெண்ணுமல்லாத பால்). ஒரு மாத்திரையில் பொருள் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

புதிதாக வருபவை எவை? இருமை ஒன்று. ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இரண்டுக்கென்று தனி வடிவம். பயப்படவேண்டாம், எட்டு வேற்றுமைக்கும் சேர்த்து மூன்றே வடிவம்: ராமௌ, ராமாப்⁴யாம், ராமயோ:. உண்மையில் 'ராம' அட்டவணையில் 24 கட்டங்கள் இருந்தாலும் வேறு வேறான வடிவங்கள் 17தான். முதலில் எண்ணிப் பார்த்துவிட்டு மனப்பாடத்துக்குப் போனால் பாரம் குறையும். அதற்கடுத்து 'ப²ல' அட்டவணையில் எழுவாய்க்கும் இரண்டாவதுக்கும் உரிய ப²லம், ப²லே, ப²லானி மூன்றைப் புதிதாகப் படித்து, விளியில் 'ப²ல' என்பதையும் பார்த்துக்கொண்டால் போதும், மற்றவை ராமனைப் போலவே. ஒரே வித்தியாசம், ராமேண என்பதில் ணகரம், ப²லேன என்பதில் நகரம். முன்னே உள்ள ரகரம் நகரத்தை மடக்கிவிடுகிறது. பால் இரண்டாவது சிக்கல். நாம் பொருளைப் பார்த்துத் திணையும் பாலும் சொல்வோம். அங்கே சொல்லுக்குப் பால். மரம் (வ்ருக்ஷ:) ஆண், ஆறு (நதீ) பெண், நண்பனைக் குறிக்கும் மித்ரம் நபும்சகம், மனைவியைக் குறிக்கும் தா³ரா: ஆண்பாற் பன்மை! ஊகிக்காதீர்கள், சொல்லோடு சேர்த்துப் பாலையும் எழுதிவையுங்கள். மூன்றாவது, 'ப்ரதம புருஷன்' என்றால் படர்க்கை, 'உத்தம புருஷன்' என்றால் தன்மை. ஆங்கிலப் பழக்கத்தில் முதலாவது என்றால் தன்மை என்று நினைத்து முழு அட்டவணையையும் தலைகீழாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். வினையில் பத்து லகாரங்களையும் (காலமும் பொருள்வகையும் காட்டும் வினை வரிசைகள்) தொடவேண்டாம். நிகழ்காலம் (லட்), இறந்தகாலம் (லங்), ஏவல் (லோட்), எதிர்காலம் (ல்ருட்), 'செய்யவேண்டும்' என்ற பொருளில் வரும் விதிலிங், இந்த ஐந்தும் முதல் வருடத்துக்குத் தாராளம்.

சொல்வளம் உங்களிடம் பாதி இருக்கிறது, ஆனால் அதிலே கண்ணிவெடிகளும் உண்டு. அவசர என்றால் அங்கே சந்தர்ப்பம், பரபரப்பில்லை. உத்யோக என்றால் முயற்சி, வேலையில்லை. ப்ரஸங்க என்றால் ஒரு பொருள் எழும் சூழல், மேடைப்பேச்சு இல்லை. தமிழில் தெரிந்த சொல் என்று தாண்டிப் போகாமல் அகராதியில் ஒருமுறை பாருங்கள். மாறாக வேர்களும் முன்னொட்டுகளும் தரும் இலாபம் பெரிது. 'ஹ்ரு' என்ற ஒரு வேரிலிருந்து ஆகாரம், சூரசங்காரம், பரிகாரம், கங்காராமத்தில் உள்ள விகாரை எல்லாம் வந்தன; வேர் எடுப்பது, கொண்டுபோவது என்ற பொருளில் நிற்க, முன்னொட்டு அதை வேறு வேறு பக்கம் இழுக்கிறது. வடமொழி இலக்கணகாரர்கள் முன்னொட்டின் வலிமைக்கு உதாரணம் காட்டுவதும் இதே வேரைத்தான். முன்னொட்டுகள் மொத்தம் 22. சாப்பாட்டுக்கும் சூரன் போருக்கும் பன்சலைக்கும் (பௌத்த கோயில்) ஒரே வேர் என்று தெரிந்தபின் அதை மறக்கமாட்டீர்கள்.

புத்தகம் என்று வரும்போது நான் வைக்கும் அளவுகோல் ஒன்று: பயிற்சிகளுக்கு விடை பின்னால் இருக்கவேண்டும். ஆசிரியர் இல்லாதவருக்கு விடைப்பகுதிதான் ஆசிரியர். 'டீச் யுவர்செல்ஃப்' வரிசையில் 1976இல் வந்த மைக்கேல் கோல்சனின் நூல் தனியாகப் படிப்பவருக்காகவே எழுதியது, விடைகளும் உண்டு. ஆனால் வேகம் கூட; சந்தியை ஆரம்பத்திலேயே தலையில் போடும். இலக்கணம் கேட்டால் கொட்டாவி வருகிறவர் என்றால் அதைத் தொடவேண்டாம். தமிழ்வழி வேண்டுமென்றால் 1981இல் தொடங்கிய சம்ஸ்க்ருத பாரதி என்ற அமைப்பின் அஞ்சல்வழிப் பாடம் நல்லது. ப்ரவேஶ:, பரிசய:, ஶிக்ஷா, கோவித: என்று நாலு படி. கூடவே பாலக்காடு கல்பாத்தியில் அச்சாகும் ஶப்தமஞ்ஜரீ என்ற சிறு நூல், பெயர்ச்சொல் அட்டவணைகளுக்கு. இது பார்த்துச் சரிசெய்யும் நூல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிற நூல் இல்லை. செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தமிழ்ப் புத்தகக் கடைகளில் சொல்லிவைத்து எடுப்பிக்கப் பாருங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் இந்தியப் பதிப்பாளர் கடைகளையும் பார்க்கலாம். வாங்குமுன் புரட்டிப் பார்க்க 57ஆவது ஒழுங்கையில் இருக்கும் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடைதூரம். மருதானைப் பக்கம் போனால் பிரிவெனா மாணவருக்கான சிங்களவழி நூல்களைக் கேளுங்கள். சிங்களத்தில் விளக்கம் வாசிக்க முடிந்தால் அது உங்களுக்கு மேலதிக ஆதாயம். இரண்டு முதன்மை நூலை ஒரே நேரத்தில் மட்டும் தொடங்காதீர்கள். ஒவ்வொன்றும் வேறு ஒழுங்கில் போகும், இரண்டிலும் ஐந்தாம் பாடத்தில் நிற்பீர்கள். வடமொழிக்கு இலக்கணம் வகுத்த பாணினியின் சூத்திரங்கள் ஏறத்தாழ நாலாயிரம். அதன் சுருக்கமான லகு கௌமுதியைக்கூட இரண்டாம் வருடத்துக்கு முன் திறக்கவேண்டாம். அவை மொழி தெரிந்தவருக்கு மொழி ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்ல எழுதியவை.

முக்கால் மணித்தியாலத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: பதினைந்து நிமிடம் பாடம், பதினைந்து நிமிடம் கையால் எழுதும் பயிற்சி, பத்து நிமிடம் உரத்த வாசிப்பு, மீதி நேற்றைய பிழையைத் திருத்துதல். முதல் மாதம் எழுத்தும் ஒலியும். இரண்டாம் மாதத்திலிருந்து ராம, ப²ல, லதா, நதீ, தத், கிம், அஸ்மத், யுஷ்மத் என்று எட்டு அட்டவணை, வாரத்துக்கு ஒன்று. பெரும்பாலானவர்கள் கைவிடுவது மூன்றாம் மாதத்தில்தான். காரணம் கடினமில்லை, வறட்சி. அட்டவணைமேல் அட்டவணையாகப் படித்து, ஒரு கதையைக்கூட வாசிக்காமல் இருந்தால் மனம் சலித்துப்போகும். ஆகவே மூன்றாவது அட்டவணை முடிந்ததும் ஐந்து வரிக் கதைகளைத் தொடங்கிவிடுங்கள். பாதி விளங்காவிட்டாலும் பரவாயில்லை. ஆறாம் மாதமளவில் ஹிதோபதேசம் என்ற நீதிக்கதை நூலின் உரைநடைப் பகுதிகளைச் சிறுவருக்கு எளிமையாக்கிய பதிப்பில் தொடலாம்.

பேசிப் பழகிப் படிப்பதா, இலக்கணத்தோடு படிப்பதா என்பதில் படிப்பிக்கிறவர்களிடையே ஒற்றுமை இல்லை. பத்து நாள் சம்பாஷணை வகுப்பு கூச்சத்தைப் போக்கும், எளிய வாக்கியங்களைக் காதில் பதியவைக்கும். அதனால் மட்டும் கீதை விளங்காது. அங்கே வரும் தொகைகளும் வினை வடிவங்களும் பேச்சு வகுப்பில் வராது. உங்கள் இலக்கு வாசிப்பு என்பதால் நான் இலக்கணத்தைப் பிரதானமாகவும் பேச்சை ஊறுகாயாகவும் வைப்பேன். கருவிகளில் கொலோன் பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பு இலவசம். 1899இல் வந்த மோனியர் வில்லியம்ஸ் அகராதி அதற்குள் இருக்கிறது. தேடும்போது 'ராம:' என்று தேடாதீர்கள், 'ராம' என்று உருபு கழற்றித் தேடுங்கள். 'கச்சதி' என்ற வினையைத் தேடினால் வேர் 'கம்', 'பஶ்யதி'க்கு 'த்³ருஶ்', 'திஷ்டதி'க்கு 'ஸ்தா²'. நம்மிடம் 'வருகிறான்' என்பதன் பகுதி 'வா' ஆக இருப்பதுபோலத்தான். அக்ஷரமுகா என்ற எழுத்துமாற்றி சிங்களம், நாகரி, இலக்கம் போட்ட தமிழ் மூன்றுக்கும் இடையே மாற்றித்தரும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் அட்டவணை கேட்டால் பெரும்பாலும் சரியாகத் தரும், ஆனால் பிழையையும் அதே நம்பிக்கையோடு தரும். சந்தி பிரிக்கச் சொன்னால் இல்லாத சொல்லைக்கூட உருவாக்கும். ஶப்தமஞ்ஜரீயோடு ஒப்பிடாமல் கொப்பியில் ஏற்றாதீர்கள்.

கடைசியாகக் கீதை. 700 சுலோகம், பெரும்பகுதி 32 அசை கொண்ட அனுஷ்டுப் என்ற யாப்பு, நடை எளிது. தினமும் முக்கால் மணித்தியாலம் தவறாமல் இரண்டு வருடம் போனால், அகராதி கையில் இருக்க, ஒரு சுலோகத்துக்குப் பத்து நிமிடம் எடுத்து, நேர்ப்பொருளைப் பிடிக்கலாம் என்பது என் மதிப்பீடு. அகராதியும் இல்லாமல் நாவல் வாசிப்பதுபோல வாசிப்பது இரண்டு வருடத்தில் வராது. உரை வேண்டாம் என்பதையும் கொஞ்சம் தளர்த்துங்கள். நேர்ப்பொருள் மொழியால் கிடைக்கும், 'யோக' என்ற சொல் இந்த இடத்தில் எதைக் குறிக்கிறது என்பது மரபால்தான் கிடைக்கும், அதில் உரைகாரர்களே ஒத்துப்போவதில்லை. வாசிக்கும் முறை இது: முதலில் சந்தியைப் பிரித்துப் பதம் பதமாக எழுதுங்கள், பிறகு வினையைத் தேடுங்கள், அந்த வினையின் எண்ணுக்குப் பொருந்தும் எழுவாயைத் தேடுங்கள், மற்றவற்றை அதன் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்குங்கள். அவர்கள் அன்வயம் என்பது நாம் கொண்டுகூட்டு என்பதுதான். 'யதா யதா ஹி தர்மஸ்ய க்லானிர்பவதி பாரத' என்ற அடியில் வினை 'பவதி', எழுவாய் 'க்லானி:', 'தர்மஸ்ய' ஆறாம் வேற்றுமை, 'பாரத' விளி. 'யதா' என்று வந்தால் அடுத்த அடியில் 'ததா' எங்கே என்று கண் தானாகத் தேடவேண்டும்.

உச்சரிப்புக்கு இன்னொருவரின் காது வேண்டும் என்றேன். அதற்கு வகுப்பு வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, ஒரு பக்கத்தை வாசித்துக் கைத்தொலைபேசியில் பதிந்து, உங்களுக்குத் தெரிந்த குருக்கள் ஐயாவுக்கோ வடமொழி படித்த ஒருவருக்கோ வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். 'எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'நல்லா இருக்குத் தம்பி' என்றுதான் பதில் வரும். 'மூச்சொலி எந்தெந்தச் சொல்லில் விழவில்லை, எந்தக் குறிலை நீட்டிவிட்டேன்' என்று கேளுங்கள்.